ஆக்சிஜனைப் பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும்

சும்மா உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜன் வேண்டும். அதே நிமிடத்தில் அவருடைய இதயம் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்கிற மஞ்சள் நீர். நுரையீரலின் காற்றறைகளை ஒட்டி ஓடும்போது அந்த நீரில் கொஞ்சம் ஆக்சிஜன் கரையும். எவ்வளவு? நம் உடம்புச் சூட்டில் ஒரு லிட்டருக்கு 3 மில்லிதான். ஐந்து லிட்டருக்கு 15 மில்லி. தேவையோ 250. கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பி வாழ வேண்டுமானால், செய்தித்தாள் படிப்பதற்கே இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் தள்ள வேண்டியிருக்கும். பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் இதயம் உச்ச வேகத்தில்கூட அதில் பாதியைத்தான் எட்டும்.

கரைவதை மட்டும் நம்பி வாழும் உயிர்கள் இல்லாமல் இல்லை. அண்டார்க்டிக் கடலில் பனிமீன்கள் என்று ஒரு குடும்பமே உண்டு. அவற்றின் ரத்தத்தில் சிவப்பு நிறம் கிடையாது. உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாகக் கரையும், மீனும் அவசரமில்லாமல் வாழும், அதனால் சமாளித்துவிடுகிறது. பாலூட்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் உடம்பு எப்போதும் சூடாக இருக்க வேண்டும். சூடாக இருக்க ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். சூடான நீரிலோ ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்.

பற்றாக்குறையை ஈடுகட்டுவது ஹீமோகுளோபின் என்ற புரதம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 100 மில்லி ரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் ஒரு லிட்டர் ரத்தம் 200 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். வெறும் நீர் 3 மில்லி தூக்கிய இடத்தில் இது 200. ஆக, இதயம் நிமிடத்துக்கு 1000 மில்லி ஆக்சிஜனை அனுப்புகிறது. உட்கார்ந்திருப்பவர் அதில் கால் பங்கை எடுத்துக்கொள்கிறார். மீதி முக்கால் பங்கு அப்படியே திரும்பி வருகிறது.

இங்கே ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பாடப் புத்தகப் படங்களில் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்துக்கு நீல வண்ணம் அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, சிரை ரத்தத்தில் ஆக்சிஜனே இருக்காது என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் ஓய்வில் இருப்பவரின் சிரை ரத்தத்திலும் ஹீமோகுளோபினின் இடங்களில் 75% நிரம்பியே இருக்கும். நிறமும் நீலமில்லை, அடர்சிவப்பு. அந்த அடர்சிவப்பு பளிச்சென்ற சிவப்பாக மாறுவது நுரையீரலில், அங்குள்ள காற்றால்தான் என்று இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லோயர் 1669-லேயே காட்டிவிட்டார். ஆக்சிஜன் என்ற வாயு கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு!

சரி, இந்த ஹீமோகுளோபின் எங்கே இருக்கிறது? பிளாஸ்மாவில் மிதக்காமல் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே மிதந்தால் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜனைப் பிடிக்கும். அதாவது முழுக்க நிரம்பிய ஒரே ஒரு சிவப்பணுவில் நூறு கோடிக்கு மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள்.

இவ்வளவுக்கும் இடம் வேண்டும் இல்லையா? மீன், தவளை, பறவை எல்லாவற்றின் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு. பாலூட்டிகளின் சிவப்பணுவோ எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே உட்கருவைத் துறந்துவிடுகிறது. மைட்டோகாண்டிரியாவையும் கழித்துவிடுகிறது. செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் எடுக்கும் உறுப்பு அதுதான். அது இல்லாததால், நூறு கோடி ஆக்சிஜனைச் சுமந்தும் சிவப்பணு தன் செலவுக்கு ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து அதில் வரும் சொற்ப ஆற்றலில் காலம் தள்ளுகிறது. உட்கரு இல்லாததால் பழுதடைந்த புரதத்துக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது. அதனால் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்தான். இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கு மேல் புதிய அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது.

நடுவில் குழிந்த வட்டத் தட்டு வடிவம் என்று பள்ளியில் படித்திருப்போம். குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். மிக மெல்லிய தந்துகிகள் இதைவிடக் குறுகலானவை. அணு மடங்கி, நெளிந்துதான் உள்ளே நுழைகிறது. ஒட்டகக் குடும்பத்துக்கு மட்டும் வட்டம் கிடையாது, முட்டை வடிவம்.

இனி ஹீமோகுளோபினுக்குள் போவோம். நான்கு புரதச் சங்கிலிகள் சுருண்டு மடிந்து ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஹீம் என்கிற தட்டையான வளையம். வளையத்தின் நடுவில் ஒரு இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான்.

இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருப்பிடிக்க வேண்டும், அப்புறம் பிரிக்கவே முடியாது. நம் ரத்தத்தில் ஏன் அப்படி ஆவதில்லை? ஹீம் வளையம் உட்கார்ந்திருக்கும் புரத மடிப்பு, தண்ணீர் எளிதில் எட்டாத ஒரு பொந்து. அதற்குள் ஆக்சிஜன் இரும்போடு மென்மையாக ஒட்டும். இரும்பின் எலக்ட்ரானை நிரந்தரமாகப் பறித்துக்கொண்டு போகாமல் பிரிந்துவிடும். எப்போதாவது பறித்துவிட்டால் அந்த ஹீமோகுளோபின் வேலைக்கு ஆகாது. ரத்தம் சாக்லேட் பழுப்பாகிவிடும். இதைப் பழையபடி சரிசெய்ய ஒரு நொதி சிவப்பணுவுக்குள் ஓயாமல் வேலை செய்கிறது. உரத்தின் நைட்ரேட் கலந்த கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பது இந்தப் பழுதால்தான்; பச்சைக் குழந்தைக்கு அந்த நொதி போதுமான அளவு இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பிடிப்பதைப் பற்றி. ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் பொருள் கிடைப்பது அவ்வளவு அரிதில்லை. சரியான இடத்தில் அதை விட்டுவிடத் தெரிந்த பொருள்தான் அரிது. ஹீமோகுளோபினின் சாமர்த்தியம் முழுக்க விடுவதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தசைக்குள் மயோகுளோபின் என்று இதன் உறவுக்காரப் புரதம் ஒன்று உண்டு. ஒரே சங்கிலி, ஒரே இரும்பு. இது ஆக்சிஜனை இறுகப் பிடிக்கும். நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம், ஓய்வில் உள்ள திசுக்களில் 40 அளவுக்கு இறங்கியிருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்குப் பதில் மயோகுளோபின் இருந்தால் நுரையீரலில் அழகாக நிரம்பும். திசுவுக்குப் போனால், அழுத்தம் 40 ஆன பிறகும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

ஹீமோகுளோபின் என்ன செய்கிறது? அழுத்தம் 100 இருக்கும் இடத்தில் 97 அல்லது 98% நிரம்புகிறது. 60 ஆனாலும் சுமார் 90% நிரம்பியே இருக்கும். லே போன்ற உயரமான ஊருக்குப் போனவர்கள் காற்று மெலிந்தும் ஓரளவு சமாளிப்பது இந்த மெத்தனத்தால்தான். ஆனால் 60-க்குக் கீழே இறங்கினால் குணமே மாறிவிடும். 40-இல் 75%. 27-இல் பாதி. கடுமையாக உழைக்கும் தசையில் அழுத்தம் 20-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், மற்றதையெல்லாம் கொட்டிவிடுகிறது. வரைபடமாகப் போட்டால் படுக்கவைத்து இழுத்த எஸ் எழுத்துப் போல ஒரு வளைகோடு கிடைக்கும்.

ஏன் இப்படி? கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, முதல் ஆளாகப் போய் உட்கார எல்லாருக்கும் கூச்சம். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவர் உடனே உட்காருவார், கடைசி இடத்துக்குப் போட்டியே நடக்கும். எழும்போதும் அப்படியே: பக்கத்து இலைக்காரர் எழாமல் நாம் எழ மாட்டோம், ஒருவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். ஹீமோகுளோபினின் நான்கு இடங்களும் இந்த மாதிரிதான் நடந்துகொள்கின்றன. முதல் ஆக்சிஜன் ஒட்டுவது கடினம். ஒன்று ஒட்டிய பின் மற்றவை எளிதாக ஒட்டும். ஒன்று விலகினால் மற்றவையும் எளிதாக விலகும்.

மூலக்கூறுக்குக் கூச்சம் ஏது? உள்ளே நடப்பதை 1938-இல் பிராக் நகரில் ஃபெலிக்ஸ் ஹவுரோவிட்ஸ் தற்செயலாகப் பார்த்தார். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் ஊதா நிற அறுகோணப் படிகங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தார். கண்ணாடியின் ஓரமாகக் காற்று உள்ளே நுழைய நுழைய, படிகங்கள் சிதைந்து பளிச்சென்ற சிவப்பு ஊசிகளாக மாறின. ஆக்சிஜன் ஒட்டியதும் மூலக்கூறின் வடிவமே மாறினால் ஒழிய படிகம் இப்படிச் சிதையாது.

அந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க வியன்னாவில் பிறந்த மாக்ஸ் பெருட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937-இல் இறங்கினார். எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்தி, சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பைக் கணக்கிடும் வேலை. விடை கிடைக்க 1959 ஆயிற்று! 22 வருடம் ஒரே மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருந்த பொறுமைக்கு, மயோகுளோபினின் வடிவத்தைக் கண்ட ஜான் கென்ட்ரூவோடு சேர்த்து 1962-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீம் வளையத்தின் தளத்திலிருந்து சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு சற்றே? ஒரு மில்லிமீட்டரை இரண்டரைக் கோடி பங்காக்கினால் அதில் ஏறத்தாழ ஒன்று. ஆக்சிஜன் ஒட்டியதும் இரும்பு தளத்துக்குள் இழுபடுகிறது; இரும்போடு பிணைந்த புரதச் சங்கிலியும் கூடவே நகர்கிறது. அந்த நகர்வு பக்கத்துச் சங்கிலிகளை நெம்பி, நான்கும் இறுக்கமான நிலையிலிருந்து தளர்ந்த நிலைக்கு மாறுகின்றன. தளர்ந்த நிலையில் ஆக்சிஜன் எளிதாக ஒட்டும், இறுக்கமான நிலையில் எளிதாக விலகும். (இந்த இறுக்கமும் தளர்வும் மூலக்கூறின் வடிவத்தைக் குறிப்பவை; ஆக்சிஜன் மேல் அதற்குள்ள பிடி இதற்கு நேர்மாறு.) இவ்வளவு பெரிய வாழ்க்கை இவ்வளவு சின்ன அசைவின் மேல் நிற்பதைப் பாடப் புத்தகம் ஒரே வரியில் தாண்டிவிடுவது அநியாயம்.

இதோடு நிற்கவில்லை. ஓடும்போது தொடைத் தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும் என்பது ஹீமோகுளோபினுக்கு எப்படித் தெரியும்? உழைக்கும் தசை கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது, அமிலம் சுரக்கிறது, சூடாகிறது. இந்த மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் பிடி தளர்கிறது என்பதை 1904-இல் கோபன்ஹேகனில் கண்டறிந்தவர் கிறிஸ்டியன் போர். அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் அப்பா. ஆக, எந்தத் தசை அதிகம் வேலை செய்கிறதோ அதன் கழிவே அதற்குக் கூடுதல் ஆக்சிஜனை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. மூளையிலிருந்து உத்தரவு எதுவும் வேண்டியதில்லை.

இன்னொரு கருவியும் உண்டு. சிவப்பணு சர்க்கரையை உடைக்கும்போது பி.பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பொருள் உண்டாகிறது. அது ஹீமோகுளோபினின் நடுவிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்து இறுக்கமான நிலையிலேயே அதை நிறுத்திவைக்கப் பார்க்கும். ஆக்சிஜன் எளிதாக வெளியேறும்.

கர்ப்பத்திலிருக்கும் குழந்தை இதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. குழந்தைக்கு நுரையீரலில் காற்று கிடையாது. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் விட்டுக்கொடுக்கும் ஆக்சிஜனை வாங்க வேண்டும். இருவருக்கும் ஒரே பிடி இருந்தால் கைமாற்றுவது சிரமம். குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. அதில் பி.பி.ஜி. சரியாகப் பொருந்தாது. ஆகவே குழந்தையின் பிடி தாயின் பிடியைவிடச் சற்று இறுக்கம். தாய் விடும் அழுத்தத்தில் குழந்தை பிடித்துக்கொள்கிறது. பிறந்து சுமார் ஆறு மாதத்துக்குள் காமா ஓய்ந்து பீட்டா பொறுப்பேற்கும். பீட்டா சங்கிலியில் குறை உள்ள தலசீமியா நோய் பிறந்தவுடன் தெரியாமல் சில மாதங்கள் கழித்துத் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான்.

அரிவாள் செல் நோயும் பீட்டா சங்கிலியின் குறைதான். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போயிருக்கும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபுக்கூறு இருப்பது 1952-இல் பதிவாயிற்று; இந்தியாவில் இதைப் பற்றிய முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. இந்த ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை ஒழுங்காகவே பிடிக்கும். விட்ட பிறகுதான் வினை: ஆக்சிஜனை இறக்கிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் தந்துகியில் அடைத்துக்கொள்ளும்போது உயிர்போகிற வலி.

விடவே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு உதாரணம். இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அதே இரும்பில் ஒட்டும். இடத்தைப் பிடித்துக்கொள்வது பாதி ஆபத்துதான். பந்தியில் ஒருவர் எழவே மறுத்தால் பக்கத்தில் உள்ளவர்களும் எழாமல் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? நான்கில் ஒரு இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தால், மற்ற மூன்றில் இருக்கும் ஆக்சிஜனும் எளிதில் இறங்காது. அதனால்தான் ரத்தசோகையால் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவர் நடமாடும்போது, ஹீமோகுளோபினில் பாதி கார்பன் மோனாக்சைடு ஏறியவர் மயங்கி விழுகிறார்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் அடைத்த அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் வருகின்றனவே, அது இதுதான். வாசனை கிடையாது, மூச்சுத் திணறலும் தெரியாது. தலைவலி, மயக்கம், அப்புறம் நினைவு தப்பும். சாதாரணக் காற்றில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இந்த இடத்தில் நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாக எண்ணி அது 98 என்று காட்டும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட கருவி என்பதால் ஆக்சிமீட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி இது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் உறிஞ்சும். ஏறாதது அதற்கு நேர்மாறு. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் சதவீதம் கிடைக்கும். கருமையான தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

கவனிக்க வேண்டியது, அது காட்டுவது விகிதம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லாது. எச்.பி. (100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற அளவு) 7.5 உள்ள பெண்ணின் விரலிலும் அது 98 காட்டும். ஆனால் 15 உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தம் 200 மில்லி ஆக்சிஜனைச் சுமந்தால் இவருடையது 100 மில்லிதான். மாடிப்படி ஏறினால் படபடப்பு, சோர்வு. மீட்டரைப் பார்த்தால் எல்லாம் சரி. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை செய்யாமல் இது தெரியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். உடம்பு தன்னால் முடிந்ததைச் செய்கிறது: இதயம் வேகமாக அடிக்கிறது, சிவப்பணுக்கள் பி.பி.ஜி.யைக் கூட்டி இருக்கிற ஆக்சிஜனைத் தாராளமாக விடுகின்றன. அதனால்தான் எட்டு, ஒன்பது என்று எச்.பி. உள்ளவர்கள்கூட வருடக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற பாலூட்டிகள் இதே மூலக்கூறைத் தத்தம் வசதிக்கு மாற்றி வைத்திருக்கின்றன. சுண்டெலியின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சட்டென்று விட்டுவிடும். ஒரு கிராம் எலித் திசு ஒரு கிராம் யானைத் திசுவைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் கேட்கும். யானையின் பிடி இறுக்கமானது. ஆண்டீஸ் மலையின் லாமாவுக்கும் இறுக்கம்தான், ஆனால் காரணம் வேறு: மெலிந்த காற்றிலிருந்து முதலில் பிடிக்கவாவது வேண்டுமே. பந்தயக் குதிரை மண்ணீரலில் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் ரத்தத்தில் இறக்கிவிடும். சீலும் திமிங்கிலமும் மூழ்குவதற்கு நுரையீரல் காற்றை அதிகம் நம்புவதில்லை. மயோகுளோபின் நிறைந்த தசையிலேயே ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் இறைச்சி கிட்டத்தட்டக் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த மயோகுளோபின். இறுகப் பிடிக்கும் புரதம் சேமிப்புக்குத்தான் லாயக்கு.

அழிந்துபோன யானை இனமான கம்பளி மாமத்தின் ஹீமோகுளோபினையும் 2010-இல் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். சைபீரியாவில் கிடைத்த 43,000 ஆண்டுப் பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் படித்து, பாக்டீரியாவுக்குள் அந்தப் புரதத்தைச் செய்ய வைத்தார்கள். சூடு பிடியைத் தளர்த்தும் என்று மேலே பார்த்தோம். குளிர்ந்தால் பிடி இறுகும். பனியில் நிற்கும் விலங்கின் கால் சில்லிட்டிருக்கும்போது ரத்தம் அங்கே போயும் ஆக்சிஜனை விடாது. மாமத்தின் சங்கிலிகளில் ஒருசில அமினோ அமிலங்கள் மட்டும் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் அதன் ஹீமோகுளோபின், ஆசிய யானையுடையதைவிடக் குளிரில் எளிதாக ஆக்சிஜனை விட்டது.